கீலுக்கு ஒரு குட்டை உளி

மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகளின் தெருக்கதவுகளை ஊன்றிக் கவனித்தால், சிலவற்றில் கீல் என்ற வஸ்துவே இல்லையென்பது தெரியவரும். கதவின் மேலும் கீழும் பலகையோடு ஒன்றாகச் செதுக்கிவிட்ட குடுமி, நிலையில் குடைந்த குழியில் நின்று சுழலும். இரும்புக் கீலும் திருகாணியும் புழக்கத்துக்கு வந்த பிறகுதான், பலகையின் விளிம்பிலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் சீவியெடுக்கிற நுட்பமான காரியம் தச்சன் தலையில் விழுந்தது; குட்டை உளியின் அவசியமும் அத்துடன்தான் பிறந்ததென்று நான் கருதுகிறேன்.

அதைப் பிரத்தியட்சமாகப் பார்க்கும் சந்தர்ப்பம், மாட வீதியை அடுத்த சந்து ஒன்றில், பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த வீட்டில் வாய்த்தது. தெருக்கதவு குடுமியில் சுழல்வது. உள்ளறைக் கதவுகளோ கீலில் தொங்குபவை. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடிப்பதற்கு முன்பு கப்பலேறி வந்த பர்மாத் தேக்கு என்று வீட்டுக்காரர் பெருமையுடன் சொன்னார். மரம் அழியவில்லை, அடிக்கீல்தான் துருவேறி இற்றுப்போயிருந்தது. புதுக்கீல் பழைய வெட்டுக்குப் பொருந்தவில்லை. நிலைக்காலுக்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இடமில்லாத அந்த மூலையில், வயது முதிர்ந்த ஆசாரி குந்தி உட்கார்ந்திருந்தார்.

அவர் கையிலிருந்த உளியின் அலகு நாலு விரல் நீளம் இருக்கும். கருவேலம் பிடி, அதன் தலையில் இரும்புப் பூண். மேனாட்டில் கீல் வேலைக்கென்றே குட்டை உளி செய்து விற்கிறார்கள். இவருடையது அப்படிக் கடையில் வாங்கியதன்று.

“வாங்கறப்ப நீட்டு உளிதான் சார். தீட்டித் தீட்டித் தேஞ்சு இப்படி ஆயிருச்சு. இப்பதான் கைக்கு அடங்குது. நீளமா இருந்தா இங்க சுவத்துல இடிக்கும், நுனியும் ஆடும்” என்றார்.

கீலின் இறக்கையை நிலைக்காலில் வைத்துக் கத்தி முனையால் சுற்றிலும் கீறினார். உளியின் சரிவுப் பக்கம் கழிக்கவேண்டிய மரத்தை நோக்கியிருக்கும்படி செங்குத்தாக நிறுத்திக் கோட்டின்மேல் மெல்லத் தட்டினார். அப்புறம் கால் அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வரிசையாகச் சிறு கொத்துகள். அது முடிந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, உளியின் தட்டைப் பக்கம் மரத்தில் படியப் படுக்கவைத்து, இடக்கை ஆட்காட்டி விரலை முனைக்கு வெகு அருகில் அலகின்மேல் ஊன்றி, வலக்கையால் தள்ளினார். உரித்த வெங்காயச் சருகுபோல் தேக்குச் சீவல் சுருண்டெழுந்தது. தள்ளுவது ஒரு கை, தடுப்பது ஒரு கை. கூர்மைக்கும் விரலுக்கும் உள்ள தூரம் குறையக் குறைய மரம் சொன்னபடி கேட்கிறது.

ஆழம் பிசகினால் விபரீதம். மிகுந்தால் கதவு கீல் பக்கம் நிலையோடு முட்டிக்கொண்டு, மூட முடியாமல் திமிறும். குறைந்தால் கீல் பக்கம் சந்து விழுந்து, தாழ்ப்பாள் பக்கம் உரசும். மிகுந்த ஆழத்துக்குப் பரிகாரம் கீலின் அடியில் அட்டை வைப்பது. பட்டணத்துக் கதவுகள் பல கல்யாணப் பத்திரிகை அட்டையின் தயவில் நிற்கின்றன என்றால் மிகையாகாது. ஆசாரிக்கு அட்டை தேவைப்படவில்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், இன்னும் ஒரு சீவல் எடுத்தார், கீலைப் பதித்துத் திருகாணியை முடுக்கினார்.

எண்ணெய்க்கல்லில் உளி தீட்டிக்கொண்டிருந்த அவருடைய அக்காள் மகன், அடையாற்றில் அடுக்குமாடி வேலைகளுக்கும் போகிறவன். அங்கே கதவு தொழிற்சாலையிலிருந்து வந்திறங்குகிறது. கீல் வெட்டை மின்சார யந்திரம் நிமிஷத்தில் குடைந்துவிடுகிறது. அப்படியானால் உளிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

“மிஷின் மூலைய ரவுண்டாதான் சார் எடுக்கும். கீலு சதுரம். மாமா உளியத்தான் எடுத்துக்கிட்டுப் போறேன்” என்றான்.

சுழலும் முனை வட்டமாகத்தானே வெட்டும். ஆகவே ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூலைகள் கைவேலைக்கு மிஞ்சுகின்றன. மூலை வளைந்த கீல்களும் மேனாடுகளில் விற்பனையில் இருக்கின்றன. அவற்றை வாங்கிப் பூட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கூலியும் மிச்சம்.