கோடு விழுந்த நாடா

பழைய இரும்புக்கும் ஈயம் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது எங்கள் தெருவுக்கு வரும் பழைய பொருள் வியாபாரி காசுதான் கொடுக்கிறார். உடைந்த பிளாஸ்டிக் குடம், ஓடாத மின்விசிறி, முடிந்துபோன ஆண்டின் பாடநூல் என்று எதை நீட்டினாலும் அவரிடம் அதற்கு ஒரு விலை உண்டு. ஆனால் பரணிலிருந்து இறங்கும் ஒரே ஒரு பொருளைக் கண்டால் மட்டும், “அது வேண்டாம்மா” என்று தலையை அசைத்துவிடுகிறார். அதுதான் வீடியோ கேசட். கறுப்பு நிறப் பெட்டி. உள்ளே இரண்டு சக்கரங்கள். அவற்றில் சுற்றிய கால் கிலோமீட்டர் நீள நாடா. விற்கவும் முடியாது, ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

யாருக்கும் வேண்டாத இந்தப் பொருளை ஓவியமாகவும் சிற்பமாகவும் இசையாகவும் கொண்டாடும் கலைஞர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று அறிந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமரும் எங்கள் நால்வருக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைத் தோழியர்க்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் கேசட்டின் கதையைச் சற்றுப் பார்ப்போம். 1975-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் சோனி நிறுவனம் ‘பீட்டாமாக்ஸ்’ என்னும் முறையை வெளியிட்டது. வீட்டிலிருந்தபடியே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, வேண்டும்போது பார்க்கலாம் என்பது அன்று பெரும் புதுமை. மறு ஆண்டே அதே நாட்டின் ஜே.வி.சி. நிறுவனம் ‘வி.எச்.எஸ்.’ என்னும் போட்டி முறையைக் கொண்டுவந்தது. முதலில் வந்த பீட்டாமாக்ஸ் கேசட்டில் ஒரு மணி நேரமே பதியும், வி.எச்.எஸ். கேசட்டிலோ இரண்டு மணி நேரம். பிற நிறுவனங்களும் தன் முறையில் கருவிகள் செய்துகொள்ள ஜே.வி.சி. இசைவு தந்தது. போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. நம் ஊரில் அந்தக் கருவிக்கு ‘டெக்’ என்று பெயர். டெக்கையும் டி.வி.யையும் வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரு வீட்டில் கூடி, விடிய விடிய மூன்று படம் பார்த்த கதையைச் சொல்லாத பெரியவர்கள் உண்டா?

வென்றவருக்கும் ஒரு நாள் முடிவு உண்டு. குறுவட்டு வந்தது, பின்னர் குறுவட்டும் வேண்டாதபடி இணையம் வந்தது. 2016 மார்ச் மாதத்தோடு சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் கேசட்டை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில், உலகில் கடைசியாக வி.எச்.எஸ். கருவி செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும், உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் உற்பத்தியை முடித்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மல்லுக்கட்டிய இருவரும் ஒரே ஆண்டில் ஓய்ந்தனர்.

கலைஞர்கள் இதில் எதைக் கண்டார்கள் என்பது புரிய, டெக் வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். கேசட் உள்ளே போனதும் இயந்திரம் அதன் மூடியைத் திறந்து, நாடாவை வெளியே இழுத்து, சாய்ந்து நிற்கும் ஓர் உலோக உருளையின்மேல் சுற்றிக்கொள்ளும். நம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கேற்ற டெக்கில் அந்த உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழலும். நாடாவோ விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர்கூட நகராது. உருளையில் பதித்த நுண்ணிய காந்த முனைகள், நாடாவின்மேல் கோலப்பொடி போல் ஒட்டியிருக்கும் காந்தத் துகள்களில் சாய்ந்த சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும். பின்னர் அதே கோடுகளைப் படித்துத் திரையில் காட்டும். துகள் உதிர்ந்தால் திரையில் வெள்ளைப் புள்ளி. முனை தன் கோட்டைவிட்டு விலகினால் பனி கொட்டுவதுபோல் குறுக்கே ஒரு பட்டை. நகலுக்கு நகல் எடுத்தால், சிவப்புச் சேலையின் நிறம் கரையைத் தாண்டி வெளியே வழியும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நாடா சிறிது தேயும். நாம் விரும்பிப் பலமுறை பார்த்த இடமே முதலில் தேயும்!

இந்தத் தேய்மானத்தைத்தான் கலைஞர்கள் கையில் எடுத்தார்கள். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரைச் சேர்ந்த ஓர் இசைக்கலைஞர் ‘வி.எச்.எஸ். ஹெட்’ என்றே தமக்குப் பெயர் வைத்துக்கொண்டார். பழைய வீடியோ கேசட்டுகளிலிருந்து ஒலித் துணுக்குகளை வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று கோத்து அவர் அமைத்த இசைத்தொகுப்பு 2010-இல் வெளிவந்தது. இசைக்கும் வீடியோ கேசட்டுக்கும் அதற்கு முன்பே உறவு உண்டு. அமெரிக்காவின் அலெசிஸ் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘ஏடாட்’ என்னும் கருவி, எட்டுத் தனித்தனி ஒலிகளை ஒரே வீடியோ கேசட்டில் பதிந்தது. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்ல வசதியில்லாத பாடகர்களுக்கு அது பெரிய உதவியாயிற்று.

லிதுவேனியாவில் பிறந்து நியூயார்க்கில் வாழும் ஜில்வினாஸ் கெம்பினாஸ் என்னும் கலைஞரோ, நாடாவில் இருக்கும் படத்தை நமக்குக் காட்டவே இல்லை, நாடாவையே காட்டினார். 2008-இல் அவர் அமைத்த ‘டபுள் ஓ’ என்னும் படைப்பில், எதிரெதிரே இரண்டு பெரிய மின்விசிறிகள் இருக்கும். அவற்றின் நடுவே நாடாவால் ஆன இரண்டு வளையங்கள். ஆணியும் இல்லை, கயிறும் இல்லை. காற்றின் பிடியிலேயே அவை அந்தரத்தில் மிதந்து சுழன்றுகொண்டிருக்கும். 2009-இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைவிழாவில், நாடாக்களை இணையிணையாக இழுத்துக் கட்டி, உள்ளே மனிதர் நடந்து செல்லக்கூடிய நீண்ட குகை ஒன்றையும் அவர் காட்சிக்கு வைத்தார்.

ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக் கதை இன்னும் சுவையானது. 1980-களில் அங்கே டி.வி., டெக், மின்னாக்கி மூன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று படம் காட்டினார்கள். விளம்பரத்துக்கு அச்சடித்த சுவரொட்டி கிடையாது. ஆகவே உள்ளூர் ஓவியர்கள், காலி மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து அவற்றின்மேல் வண்ணம் தீட்டினார்கள். படத்தைப் பாராமலேயே தீட்டியதும் உண்டு. கதையில் இல்லாத பாம்பும் பூதமும் சாக்கில் வந்து நின்று கூட்டத்தை இழுத்தன! அந்த ஓவியங்களைத் தொகுத்து 2000-இல் ஒரு பெரிய படநூலே வெளிவந்தது. இன்று அவை ஓவியக் கூடங்களில் மாட்டப்படுகின்றன.

அமெரிக்காவில் ‘எவ்ரிதிங் இஸ் டெரிபிள்’ என்றொரு கலைக்குழு. ‘ஜெர்ரி மக்வயர்’ என்னும் ஒரே படத்தின் கேசட்டுகளை அவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்தார்கள். 2017-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் கேசட் கடை போலவே ஒரு கண்காட்சி வைத்து, ஏறத்தாழ 14,000 கேசட்டுகளை அடுக்கினார்கள். அத்தனையும் ஒரே படம்! அவற்றைக் கொண்டு பாலைவனத்தில் பிரமிடு கட்டப்போவதாகவும் சொன்னார்கள். நாங்கள் சிரித்தது இந்தச் செய்தியைப் படித்துத்தான்.

எங்கள் சிரிப்பை நிறுத்தியது எங்கள் நால்வரில் ஒருத்தி வீட்டுக் கேசட். அவள் பெரியம்மாவின் திருமணம் 1991-இல் நடந்தது. அந்தத் திருமணக் கேசட் பீரோவின் அடியில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே கிடந்தது. அதில் அவளுடைய ஆச்சி இருக்கிறார்கள். இவள் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட ஆச்சியைச் சுவரில் தொங்கும் படத்தில்தான் இவள் கண்டிருக்கிறாள். குரலைக் கேட்டதே இல்லை. சென்ற கோடை விடுமுறையில் நால்வருமாக அதை எடுத்துக்கொண்டு, பழைய டெக் வைத்திருக்கும் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஸ்டுடியோ அண்ணாச்சி பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி, நாடாவை மெல்லத் துடைத்துச் சுற்றினார்கள். இரண்டு நாள் ஆயிற்று. “ஒரு தடவைதான் ஓட்டுவேன். அறுந்துட்டா என்னைக் கேக்கக் கூடாது, பாப்பா” என்றார்கள். எங்களுக்குக் கை வியர்த்தது.

ஓடியது. திரையில் கோடுகள், நிறங்கள் கரைந்து ஓடின, மணப்பெண்ணின் முகத்தைச் சுற்றி இதய வடிவம் வந்து போயிற்று. ஆச்சி வந்தார்கள், போனார்கள், பந்தியில் நின்று எதையோ சொன்னார்கள். ஆனால் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அக்காலத்து வழக்கப்படி படம் முழுவதிலும் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்கள் தோழியின் முகம் வாடிவிட்டது. அப்போது ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கவில்லை. பாட்டு ஏற்றியவர் கவனிக்காமல் விட்ட அந்த இடைவெளியில், பந்தலின் இரைச்சலுக்கு நடுவே, ஆச்சியின் குரல் வந்தது: “ஏளா, நேரமாச்சு. ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போளா.” மணப்பெண்ணைத்தான் அப்படி அழைத்தார்கள். உடனே அடுத்த பாட்டு வந்து மூடிவிட்டது. கணினியில் ஏறிய பதிவை அளந்து பார்த்தோம். பதினொரு விநாடி.

பெரியம்மா அந்தப் பதினொரு விநாடியை எத்தனை முறை கேட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. பாட்டு ஏற்றியவரின் தவறு என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அந்தத் தவறு இல்லையேல் எங்கள் தோழிக்கு ஆச்சியின் குரல் இல்லை. பழுது என்று நாம் ஒதுக்கும் இடத்தில் வாழ்ந்த மனிதர்களின் சுவடு இருக்கிறது என்பதை அன்று கண்டோம். கோட்டையும் இரைச்சலையும் அந்தக் கலைஞர்கள் ஏன் நேசிக்கிறார்கள் என்பதும் அன்றுதான் விளங்கிற்று. கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்திப் புத்தம்புதுப் படத்தில் பழைய கோடுகளை வரவழைப்பது வேறு. அது ஆண்டு விழா நாடகத்தில் தலையில் மாவு தூவிப் பாட்டி வேடம் போடுவது போன்றது. உண்மையான நரை வேறு அல்லவா?

ஆனால் தோழியரே, கொண்டாடினால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-இலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாவில் உள்ளவற்றை 2025-க்குள் கணினிக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலும் இழந்துவிடுவோம் என்பதே அது. நாடாவும் நலிகிறது, ஓட்டும் கருவியும் இல்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். அந்தக் கெடு வந்தே விட்டது.

இங்கே ஒரு பெண்மணியை நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மரியன் ஸ்டோக்ஸ் என்பவர் முன்பு நூலகராகப் பணியாற்றியவர். 1979 முதல் 2012-இல் தாம் இறக்கும் நாள்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகல் ஓயாமல் பதிவு செய்துவந்தார். கேசட் தீரும் நேரத்துக்கு வீடு திரும்பி மாற்றுவதற்காகத் தம் வெளிவேலைகளையும் சுருக்கிக்கொண்டார். ஏறத்தாழ 70,000 கேசட்டுகள்! பித்து என்றுதான் பலரும் எண்ணியிருப்பார்கள். ஆனால் தொலைக்காட்சி நிலையங்களே காக்காமல் விட்ட பல செய்திகள் அவர் வீட்டில் இருந்தன. இன்று அந்தத் தொகுப்பு இணைய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது.

அத்தனை கேசட் நம் வீட்டில் இராது. ஒன்றோ இரண்டோ இருக்கலாம். இந்த விடுமுறையில் பரணையும் பீரோவையும் தேடுங்கள். கிடைத்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைக்காமல் ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். ஈரமில்லாத இடத்தில், நூலைப் போல நிமிர்த்தி வையுங்கள். காந்தம் உள்ள ஒலிபெருக்கியின் அருகே வேண்டாம். யாருடைய விழா, எந்த ஆண்டு, யார் யார் இருக்கிறார்கள் என்று பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ கேட்டு, முதுகில் எழுதி ஒட்டுங்கள். விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு, பாட்டும் பாட்டும் சந்திக்கும் இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கோடு விழுந்தால் விழட்டும். குரல் போய்விடக் கூடாது.