கூட்டிப் பார்த்த தாயும் கணக்கிட மறந்த விரிதாளும்

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! நம்மில் பலர் எக்செல் விரிதாளில்தான் புள்ளிப் பட்டியல் தயாரிக்கிறோம். அதனால் எனக்கு நேர்ந்த ஒரு தவற்றை இங்கு எழுதி வைக்கிறேன்.

2017ஆம் ஆண்டு அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயம். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். மொத்தம் எட்டுத் தாள்கள். பள்ளி முழுமைக்கும் ஒரே கோப்பு. கூட்டுத்தொகை, விழுக்காடு, தரவரிசை என எங்கும் சூத்திரங்கள். ஒரு கட்டத்தில் புள்ளியை உள்ளிட்டால் அதைச் சார்ந்த சூத்திரங்கள் எல்லாம் மீண்டும் கணக்கிடும். என் பழைய மடிக்கணினி திணறும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னுடன் பயின்ற தோழி ஒருவர் வழி சொன்னார். மேக்ரோவின் முதல் வரியில் தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்த வேண்டும். கடைசி வரியில் மீண்டும் இயக்க வேண்டும். 'அப்ளிகேஷன்.கேல்குலேஷன்' என்னும் பண்புக்கு 'மேனுவல்' என்றோ 'ஆட்டோமேட்டிக்' என்றோ மதிப்புக் கொடுத்தால் போதும். செய்தேன். நிமிடக் கணக்கில் நடந்த வேலை நொடிகளில் முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

அந்த மாலை, தேர்வு எழுதாத மாணவர் ஒருவரின் கட்டத்தில் 'வரவில்லை' என்று யாரோ எழுதியிருந்தனர். எழுத்தை எண்ணோடு கூட்ட முனைந்த மேக்ரோ பிழை காட்டி நடுவிலேயே நின்றது. நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, எஞ்சிய வேலையைக் கையாலேயே முடித்தேன். கணக்கீட்டை மீண்டும் இயக்கும் அந்தக் கடைசி வரி ஓடவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பிறகு ஒரு மாணவனின் கணிதப் புள்ளி 36 என்று இருப்பதைக் கண்டு 63 எனத் திருத்தினேன். தேர்ச்சி அறிக்கைகளை அச்சிட்டேன், கோப்பைச் சேமித்தேன், வீடு திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தாயார் வந்தார். அறிக்கையோடு, பென்சிலால் கூட்டல் போட்ட ஒரு தாளும் அவர் கையில் இருந்தது.

"மூனு தடவ கூட்டிப் பார்த்தேன் டீச்சர். எனக்குத்தான் கணக்கு வரலையோ என்னவோ..."

அறிக்கையில் மொத்தம் 466, விழுக்காடு 58.3. அவர் கூட்டலில் 493. அறுபது விழுக்காட்டைத் தாண்டினால் மிதிவண்டி என்று தந்தை சொல்லியிருந்தாராம். தாண்டவில்லை என்று பையன் இரவு முழுதும் அழுதானாம்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். அதில் 493, 61.6 என்று சரியாகவே இருந்தது! தாளில் ஒன்று, திரையில் ஒன்று. எனக்கு வியர்த்துவிட்டது. அந்தத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லா அறிக்கைகளையும் சரிபார்த்துப் புதிதாக அச்சிட்டுக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை கொமுட்டர் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் சென்று தோழியைச் சந்தித்தேன். தேநீர் ஆறுவதற்குள் அவர் புதிரை அவிழ்த்தார். கையால் இயக்கும் நிலையிலும், கோப்பைச் சேமிக்கும்போது எக்செல் ஒருமுறை கணக்கிட்டுக்கொள்ளும். இயல்பான அமைப்பு அது. நானோ சேமிக்கும் முன்பே அச்சிட்டுவிட்டேன். இன்னொன்றும் சொன்னார்: இந்த நிலை கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும். அக்கோப்பை முதலில் திறந்தால், அடுத்துத் திறக்கும் கோப்புகளும் தாமாகக் கணக்கிடா.

அன்று முதல் என் மேக்ரோக்களில் நான்கு செயல்கள் தவறாமல் இருக்கும். முதலில், இருக்கும் கணக்கீட்டு நிலையைக் குறித்து வைத்தல். அடுத்து, கணக்கீட்டை நிறுத்துதல். மூன்றாவது, 'ஆன் எரர் கோட்டூ' கட்டளையால், பிழை நேர்ந்தாலும் இறுதிப் பகுதிக்குச் செல்லச் செய்தல். நான்காவது, அந்த இறுதிப் பகுதியில் முழுவதையும் கணக்கிட்டுப் பழைய நிலையைத் திருப்பித் தருதல். அச்சிடும் முன் எஃப்9 விசையையும் ஒருமுறை அழுத்திவிடுவேன்.

1979இல் டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகியோரின் விசிகால்க் வெளிவந்தபோது மக்களைக் கவர்ந்ததே, ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் என்பதுதான். அந்த வசதியை அணைக்கும் உரிமை நமக்கு உண்டு. அணைத்தவரே மீண்டும் இயக்கவும் வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளையின் அறிக்கையை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். விடை வேறாக வந்தால் தயங்காமல் எங்களிடம் வந்து கேளுங்கள். தவறு எங்களுடையதாகவும் இருக்கலாம்.