யாருடைய சிக்கனம்?

சிக்கனத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்தல் எளிது. தன் வீட்டில் அதனை நடத்துங்கால், எவருடைய சுகத்தைக் குறைத்து எவருடைய பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று கேட்பவர் மிகச் சிலரே. நானும் கேட்டேனில்லை.

1996ஆம் ஆண்டில் அஸ்ட்ரோ இந்நாட்டில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் எங்கள் கூரையிலும் அதன் தட்டு ஏறிற்று. 2016இல் நெட்ஃபிலிக்ஸ் வந்தது. என் மக்கள் வேண்டியதை வேண்டிய நேரத்தில் கைப்பேசியிலேயே பார்க்கக் கற்றனர். ஒரு வீட்டிற்கு இரண்டு கட்டணம் எதற்கு? சென்ற ஆண்டு கணக்குப் பார்த்து, பழையதை நிறுத்திப் புதியதை வைத்துக்கொள்வதெனத் தீர்மானித்தேன். மனைவியையும் மக்களையும் கலந்தேன். அம்மாவைக் கேட்கவேண்டுமென்று தோன்றவேயில்லை. பெண்ணுரிமை பேசும் என் லட்சணம் அது!

எழுபதைக் கடந்த என் தாயார், பத்து வயதில் பால்வாளி தூக்கியவர். தம்பிமார் தோட்டப் பள்ளிக்கூடம் போக, இவர் பெரட்டுக்குப் போனார். எழுத்து அறியார்; எண் அறிவார். பால் நிறுவையிலும் சம்பளத்திலும் அவரை ஏமாற்றிய கிராணி இல்லை. 201 என்று அழுத்தினால் வானவில் வரும். அதுவே அவர் மாலைப்பொழுது.

புதிய ஏற்பாட்டில் அழுத்த எண் இல்லை. படத்தின் பெயரைப் படித்தறிய வேண்டும். முதல் வாரம் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொடுத்தனர். பிறகு அவரவர் அறையில் அவரவர் திரை. ஒருநாள் மாலை நான் வேலையிலிருந்து திரும்பியபோது, அணைந்திருந்த திரைக்கு எதிரே அமர்ந்து அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, போட்டுப் பார்க்கவில்லையா?” என்றேன்.

“எழுத்துத் தெரிஞ்சவங்களுக்குத்தானேய்யா இது” என்றார்.

அக்குரலில் குறை சிறிதும் இல்லை. அதுவே என்னைச் சுட்டது.

அன்பர்களே! அவர் மரம் வெட்டிச் சம்பாதித்த காசில் படித்தவன் நான். எனக்கு வந்த எழுத்து அவருக்கும் வரவேண்டுமென்று இத்தனை ஆண்டுகளில் ஒருநாளேனும் நினைத்தேனா? மேடைகளில் கல்வியின் பெருமை பேசினேன். வீட்டிலோ, கல்லாத தாய்க்கு எண்பலகை போதுமென்று இருந்துவிட்டேன்.

மறுவாரமே தட்டைத் திரும்ப இணைத்தேன். அதனைப் பரிகாரமென்று சொல்லிக்கொள்ளேன். இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் என் இளைய மகள் பாட்டிக்கு அகரம் சொல்லித் தருகிறாள். அத்திரையின் ஆங்கிலம் அவருக்கு இன்னும் எட்டாது. ஆயினும் நேற்று, நாளிதழில் ‘மழை’ என்னும் சொல்லை விரல் வைத்துப் படித்துவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

எந்தக் கட்டணத்தை நிறுத்துவது என்பதை இனி அவரையும் கேட்டே முடிவு செய்வோம்.