அருவியில ஒரே தண்ணி... பெவிலியன்ல?

ஜூன் பிறந்தாலே நம்ம ஆபீஸ்களில் ஒரு வியாதி பரவும். 'குற்றாலத்துல சாரல் விழுதாமே?' என்று ஆரம்பித்து லீவ் லெட்டரில் போய் முடியும். 'பாட்டிக்கு சீரியஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பையில் துண்டை அடைத்துக்கொண்டு கிளம்புகிற ஆசாமிகள் அநேகம்!

தென்காசியில் இறங்கினால் காசி விஸ்வநாதர் கோயில். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. கோபுர வாசலில் நின்றால் காற்று ஆளையே தள்ளுகிறது. மலையில் ஆரியங்காவு கணவாய் திறந்து கிடக்கிறதே, அதன் உபயம். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் போனால் குற்றாலம்.

பேரருவிக்கு அடியில்தான் வேடிக்கை. மானேஜர், அட்டெண்டர், கடன் கொடுத்தவர், வாங்கியவர் எல்லோரும் ஈரத் துண்டோடு நிற்கிறார்கள். யார் என்ன கிரேடு என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. எல்லோர் முதுகிலும் ஒரே அறை! தலை துவட்டிய பிறகுதான் சிக்கலே.

குளித்துவிட்டுத் திரும்புகிற வழியில் ஒரு மைதானம். பசங்க டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். இடது கையில் சுழல் போட்ட ஒரு பொடியனை யாராலும் அடிக்க முடியவில்லை. சிலர் மணிக்கட்டில் கலர் கயிறு. சாமிக் கயிறாகவும் இருக்கலாம். ஆனால் நெல்லைச் சீமையில் கயிற்றுக் கலரைப் பார்த்து சாதி சொல்கிற வழக்கமும் உண்டு. பள்ளிக்கூடங்களில் இதைத் தடை செய்யச் சொல்லி, 2024-ல் நீதிபதி சந்துரு கமிட்டி அறிக்கையே கொடுத்தது.

எனக்கு பல்வங்கர் பாலு ஞாபகம் வந்தார். அவரும் இடது கை சுழல்தான். தலித். நூறு வருஷத்துக்கு முன்னால் புனேயில் வெள்ளைக்காரர் கிளப்பில் வேலை. பிட்ச் உருட்டணும், வலை கட்டணும், துரைமார்களுக்குப் பந்து போடணும். சம்பளம் மாசம் நாலு ரூபாய். பந்து போட்டுப் போட்டே கை தேர்ந்துவிட்டது. ஆனால் பேட்டைக் கொடுக்க மட்டும் துரைகளுக்கு மனசு வரவில்லை!

வெள்ளைக்காரனை ஜெயிக்கணுமே என்று இந்துக்கள் டீம் அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்த லட்சணம் என்ன தெரியுமா? டீ இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியன் உள்ளே, பாலு வெளியே. அவருக்கு மட்டும் தூக்கிப் போடுகிற மண் குவளை. சாப்பாட்டுக்குத் தனித் தட்டு. அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடலாம், அவர் குடித்த கிளாஸைத் தொடக்கூடாது! 1906-ல் பம்பாயில் இந்துக்கள் டீம் வெள்ளையரைத் தோற்கடித்தது. 1911-ல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார் பாலு. கேப்டன் பதவி மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. தம்பி கோப்பையையும் ஜெயித்துக் காட்டினார்.

நம்ம மெட்ராஸ் மட்டும் என்ன வாழ்ந்தது? சேப்பாக்கம் பெவிலியன் வெள்ளைக்காரர்களுக்கு. ரோஷம் வந்த புச்சிபாபு நாயுடு 1888-ல் இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். வெள்ளையரும் இந்தியரும் மோதுகிற மேட்சுக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. 1908-ல் காலமாகிவிட்டார். பிற்பாடு அதுதான் பொங்கல் சமயத்து பிரசிடென்சி மேட்ச் ஆனது.

துரை நம்மை வெளியே நிறுத்தினால் ரோஷம் வந்தது. பாலுவை நாமே வெளியே நிறுத்தியபோது அந்த ரோஷம் எங்கே போச்சு ஸார்?

மேட்ச் முடிந்து பசங்க டீக்கடைக்குக் கிளம்பினார்கள். கயிறு கட்டினவன், கட்டாதவன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிளாஸ். காசு யார் கொடுப்பது என்பதில்தான் தகராறு. அப்படிப்பட்ட தகராறு எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும்!