மடியில் விழுந்தது

மாசி அமாவாசை இங்கே ஷார்ஜாவில் சத்தமில்லாமல் வந்து போய்விடுகிறது. எங்கள் ஊரான காவேரிப்பட்டினத்தில் அது பம்பையோடுதான் வரும். சிவராத்திரிக்குக் கண்விழித்த களைப்பு தீருமுன்பே அங்காளம்மன் கோயில் பக்கம் பம்பையும் உடுக்கையும் எழும்பும். காளி வேடம் கட்டியவர்களும் அலகு குத்தியவர்களும் சுடுகாட்டை நோக்கிப் போகிற வழியெல்லாம் அந்த அடி நெஞ்சுக்குள் இறங்கும். கைபேசியில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். காதோடு நின்றுவிடுகிறது.

மயானக் கொள்ளை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம் அவருக்கு விழுந்த பிச்சையையெல்லாம் தின்று தீர்க்க, அங்காளம்மன் சுடுகாட்டில் சோற்றைச் சூறைவிட்டு, தின்ன இறங்கிய கபாலத்தை மிதித்து அடக்கினாள் என்பது கதை. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு அந்தச் சூறைதான் நன்றிக்கடன். நந்தி மலையில் பிறந்து ஓசூர் தாண்டி வரும் தென்பெண்ணையும், 1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையும், வானமும் சேர்ந்து கொடுத்ததில் ஒரு பங்கை அன்று கூட்டத்தின் மேல் வீசுவார்கள். கேழ்வரகு, மொச்சை, துவரை, காய்கறி, சில்லறைக் காசு. சிலர் கோழியைக்கூட. யார் மடியில் விழுமென்று வீசுகிறவருக்கும் தெரியாது. யார் வீசியதென்று பிடித்தவருக்கும் தெரியாது.

அம்மா கூட்டத்தின் ஓரத்தில்தான் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பாள். முண்டியடிக்க மாட்டாள். "நமக்கு வர்றது வரும், கண்ணு." ஒரு வருஷம் ஒரு பிடி கேழ்வரகு வந்தது. ஒரு வருஷம் நாலே நாலு மொச்சை. இன்னொரு வருஷம் எதுவுமே விழாமல் திரும்பி நடந்தோம். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, தன் துண்டிலிருந்ததில் பாதியை அள்ளி அம்மா மடியில் போட்டுவிட்டுப் போனார். பேர்கூடக் கேட்கவில்லை. அம்மா அங்கேயே நின்று கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தானியத்தை விதைக் கேழ்வரகோடு கலப்பாள். காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைப்பாள். பிறகு வருஷம் பூராவும் எது நல்லது நடந்தாலும் அவளுக்கு ஒரே பேச்சுதான். தம்பிக்குக் காய்ச்சல் விட்டாலும், மாசக் கடைசியில் பக்கத்து வீட்டக்கா கேட்காமலே அரைப்படி அரிசி கொண்டுவந்தாலும், "ஆத்தா மடியில போட்டா." அந்தக் குரலில் பெருமிதமும் இருக்காது, ஆச்சரியமும் இருக்காது. உள்ளதைச் சொல்கிற குரல். இப்போது அந்தக் குரல் இல்லை.

அந்த ஊரில் கேட்காமல் வந்தவை எத்தனையோ. நிப்பட்டுக் கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பிறகு, சின்னப்பிள்ளை நிற்கிறானே என்று கையில் தனியாக வைக்கிற ஒரு நிப்பட்டு, எண்ணெய்ச் சூட்டோடு, பல்லில் அகப்படுகிற நிலக்கடலையோடு. கீரைக்காரம்மா போகிறபோக்கில் கூடையிலிருந்து எடுத்துப்போடும் கறிவேப்பிலைக் கொத்து. ராத்திரி காற்றடித்தால் விடியலில் தோப்போரம் உதிர்ந்து கிடக்கும் பெங்களூரா மாங்காய். தோப்புக்காரர் பார்த்தும் பார்க்காததுபோலப் போவார்.

இங்கே அந்த மாம்பழக் கூழ் டப்பாவில் கிடைக்கிறது, எங்கள் கிருஷ்ணகிரிப் பழம்தான். நல்ல இனிப்பு. சம்பளம் நாள் தவறாமல் வருகிறது. கடையில் சொன்ன சாமான் இன்னும் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று செய்தி வருகிறது. எல்லாம் வருகிறது, எல்லாம் காசு கொடுத்து நான் வரவழைத்தது. அதனால்தானோ என்னவோ, ராத்திரி விளக்கணைத்துப் படுக்கும்போது கைகூப்ப ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தானா? ஊரைவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஆற்றைச் சொல்கிறார்கள், மண்ணைச் சொல்கிறார்கள். எனக்கு விரித்துப் பிடித்த அந்த முந்தானைதான்...

அடுத்த மாசி அமாவாசைக்குக் காவேரிப்பட்டினத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் மடியை விரித்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். நிறைய விழுந்தால், வெறுங்கையோடு திரும்புகிற யாருக்காவது பாதியைப் போடுங்கள்.