ஒரே சிட்டி, இரண்டு படம்: ஒரு நாடக வகுப்பின் நாட்குறிப்பு

நவம்பர் 9

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மழை விட்டபாடில்லை. மொட்டைமாடிக் கொட்டகை ஒழுகுவதால் நாடக வகுப்பை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார் ஆசிரியர். இந்த மாதப் பாடத்துக்கு மேடை தேவையில்லை, திரை போதும். ஒரே நடிகர் ஒரே பாத்திரத்தை எட்டு ஆண்டு இடைவெளியில் எப்படிச் செய்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. '2.0' வந்தது 2018 நவம்பர் 29 அன்று. இரண்டுக்கும் இயக்குநர் ஷங்கர். விஞ்ஞானி வசீகரன், அவர் உருவாக்கிய ரோபோ சிட்டி இருவருமே ரஜினிகாந்த். முதல் படம் வந்தபோது அவருக்கு 59 வயது. அடுத்தது வந்தபோது 68 நிறைய இரண்டு வாரம்கூட இல்லை.

எந்த சிட்டி உசத்தி என்று கேட்டதும் பெரும்பாலான கைகள் '2.0'வுக்கே உயர்ந்தன. பறக்கும் கைப்பேசிகளோடு மோதுகிற சிட்டிதான் அவர்களுக்குப் பலசாலி. ஆசிரியர் மறுக்கவில்லை. "பலத்தை அப்புறம் பாக்கலாம். முதல்ல கண்ணைப் பாருங்க" என்றார்.

நவம்பர் 10

'எந்திரன்', முதல் பாதி.

ரஜினி என்றாலே வேகம். படபடவென்ற பேச்சு, தலைமுடியைக் கோதிவிடும் கை, விறுவிறு நடை. இத்தனையையும் பிடுங்கிக்கொள்கிறது சிட்டி வேடம். தோல் போர்த்தி எழுந்து நிற்கும் சிட்டிக்கு அவசரம் இல்லை. கழுத்து தனியாகத் திரும்புகிறது, பின்னால்தான் உடம்பு வருகிறது. வாக்கியத்தில் ஏற்ற இறக்கம் கிடையாது. டிவியைப் போடச் சொன்னால் தூக்கிக் கீழே போடுகிறான், முகத்தில் துளி குற்றவுணர்வு இல்லாமல்.

சிரிப்பு வருவது அந்த முகத்தால்தான். நகைச்சுவை என்று தெரிந்து நடித்திருந்தால் காட்சி படுத்துவிடும். கடவுள் இருக்கிறாரா என்று மேடையில் கேட்கப்படும்போதும் அப்படித்தான். தன்னைப் படைத்தவர் வசீகரன், ஆகவே கடவுள் இருக்கிறார் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறான். கைதட்டல் வாங்கும் வசனம், ஆனால் கைதட்டலுக்காக நிற்காத நடிப்பு.

வசனத்துக்கும் இதில் பங்கு உண்டு. 'எந்திரன்' வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி இருவரோடு எழுத்தாளர் சுஜாதாவின் பெயரும் இருக்கிறது. 2008 ஜனவரியில் ரஜினி இந்தப் படத்துக்கு ஒப்பந்தமானார். அடுத்த மாதமே, பிப்ரவரி 27 அன்று, சுஜாதா காலமானார். இயந்திரத்தின் தர்க்கத்தில் குறும்பை ஒளித்துவைப்பது அவருக்குக் கைவந்த கலை. நடிகர் அந்தக் குறும்பைக் காட்டிக்கொடுக்காமல் இருந்ததால்தான் அது எடுபட்டது.

நவம்பர் 12

தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே தூக்கி வெளியே கொண்டுவந்து கேமராக்களின் முன்னால் நிறுத்துகிறான் சிட்டி. உயிரைக் காப்பாற்றியாயிற்று, அவன் வேலை முடிந்தது. அவமானம் தாங்காமல் அவள் ஓடி லாரியில் அடிபட்டுச் சாகிறாள். அவனுக்கு எதுவுமே புரியவில்லை.

வகுப்பில் இந்த இடத்தில் யாரும் பேசவில்லை. சூப்பர் ஹீரோ கதைகளில் ஆளைக் காப்பாற்றியதும் காட்சி முடிந்துவிடும். இங்கே காப்பாற்றிய பிறகுதான் காட்சியே தொடங்குகிறது. இதற்குப் பிறகுதான் வசீகரன் அவனுக்கு உணர்ச்சி ஊட்டப் போராடுகிறார். உணர்ச்சி வந்த பிறகு அவன் ஒரு பிரசவம் பார்க்கிறான், வசீகரனின் காதலி சனாவைக் காதலிக்கிறான். ரஜினியின் குரலில் முதல்முறையாக ஒரு நெளிவு கேட்கிறது. கண்கள் ஒரு முகத்தைத் தேடுகின்றன. உடையும் ஒப்பனையும் ஏறத்தாழ அதேதான், உள்ளே வேறு ஆள் குடிவந்துவிட்டான்.

நவம்பர் 13

இன்று சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு நாள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சுவாமிகள் 1922-இல் இதே நாளில் புதுச்சேரியில் மறைந்தார். நினைவிடம் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்குப் புதுச்சேரி அரசு தரும் விருதும் அவர் பெயரில்தான். காலையில் மாணவர்கள் மாலையோடு போய்விட்டு வந்தார்கள்.

சுவாமிகள் எமன், இரணியன், சனீஸ்வரன் போன்ற உக்கிர வேடங்களுக்குப் பேர்போனவர். சனீஸ்வரன் வேடத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது, அந்தக் கோலத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அதிர்ச்சியில் உயிர்விட்டாள், அதோடு அவர் வேடம் கட்டுவதையே விட்டார் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள்.

மாலையில் 'எந்திரன்' இரண்டாம் பாதி. அங்கும் ஓர் உக்கிர வேடம்: வில்லனாக்கும் சிவப்பு சிப் பொருத்தப்பட்ட சிட்டி வருகிறான். வில்லத்தனம் ரஜினிக்குப் புதிதல்ல. 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' பரட்டை (1977), 'நெற்றிக்கண்' சக்கரவர்த்தி (1981) என்று அவர் வளர்ந்த வழியே அதுதான். பெரிய நட்சத்திரமான பிறகு அந்தக் கதவு கிட்டத்தட்ட சாத்திக்கொண்டது. 'சந்திரமுகி'யில் (2005) வேட்டையனாகச் சற்று நேரம் திறந்தது. 'எந்திரன்' அதை முழுசாகத் திறந்துவிட்டது.

தன்னைப்போலவே செய்துவைத்த ரோபோக்களுக்கு நடுவே மாறுவேடத்தில் புகுந்துவிட்ட வசீகரனைச் சிட்டி தேடும் காட்சியை ஆசிரியர் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். வரிசை வரிசையாக ஒரே முகம். அதற்குள் ஒரு கறுப்பு ஆடு. சிட்டி "ம்மே" என்று கத்துகிறான். படமாக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவைப்படாத இடம் இது. ஒரு தொண்டை, ஒரு வாய்க்கோணல், அவ்வளவுதான். மறைந்து நிற்கும் வசீகரனும் ரஜினிதான். அந்த முகம் வேர்வையை அடக்கிக்கொண்டு ரோபோவாக நடிக்கப் பாடுபடுகிறது. மனிதனாக ஆசைப்பட்ட இயந்திரமும் இயந்திரமாக நடிக்கிற மனிதனும் நேருக்கு நேர். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டையும் கள்ளபார்ட்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆடுவதுபோல் இருக்கிறது என்றார் ஆசிரியர்.

நவம்பர் 15

ஒரு நடிகரைப் பலராக்கும் வித்தைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஜார்ஜ் மெலியே 1900-இலேயே ஒரு குறும்படத்தில் தன்னையே ஏழு வாத்தியக்காரர்களாக்கிக் கச்சேரி நடத்தினார். அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடிக் கதையை ஒட்டி 1940-இல் வந்த 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். தமிழில் டபுள் ஆக்ட் என்ற ருசி அங்கே தொடங்குகிறது. அந்த வரிசையின் கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாகவும் பாம்பாகவும் உருள்கிறார்கள்.

'எந்திரன்' விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வை வி. ஸ்ரீநிவாஸ் மோகன், கலை சாபு சிரில். இருவருக்கும் இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. ரோபோ உருவங்களைச் செய்து தந்தது லெகஸி எஃபெக்ட்ஸ். 'டெர்மினேட்டர்' படங்களின் இயந்திர மனிதர்களை வடிவமைத்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை ஆட்கள் அவர் மறைவுக்குப் பின் தொடங்கிய நிறுவனம் அது.

டெர்மினேட்டர் பேச்சு வந்ததும் வகுப்பு சூடுபிடித்தது. 1984-இல் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கொல்ல வந்த இயந்திரம். 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே உடம்பு ஒரு சிறுவனைக் காக்க வருகிறது. ஜேம்ஸ் கேமரூன் பலத்தைக் கூட்டவில்லை, புதிதாக வந்த எதிரியைவிடப் பழைய மாடலாகவே வைத்தார். அதோடு அதற்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தார். கற்றுக்கொள்ள ஏதோ ஒன்று மிச்சமிருந்ததால் நடிகருக்கும் வேலை இருந்தது.

நவம்பர் 17

'எந்திரன்', நீதிமன்றக் காட்சி. தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும்படி சிட்டிக்கு உத்தரவு. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிக்கொண்டே விடைபெறுகிறான். உடம்பு குறையக் குறைய நடிகரிடம் மிஞ்சுவது முகமும் குரலும் மட்டும். ரஜினி அழுது காட்டவில்லை. முதல் பாதியின் அதே சமமான குரலுக்குத் திரும்புகிறார். ஆனால் அந்தக் குரலுக்குள் இப்போது காதல், பொறாமை, கொலை, வருத்தம் எல்லாம் இருந்து போயிருக்கின்றன. பார்ப்பவருக்கு அது தெரியும். அதனால் கண் கலங்குவது பார்ப்பவர்தான்.

நவம்பர் 20

'2.0' தொடங்கியாயிற்று. வசனத்தில் ஷங்கரோடு எழுத்தாளர் ஜெயமோகன். படம் நேரடியாக 3டி-யில் எடுக்கப்பட்டது. இடையில் 2014-இல் 'கோச்சடையான்' வந்திருந்தது. ரஜினியின் உடலசைவுகளைப் பதிவுசெய்து அனிமேஷன் உருவத்துக்கு ஏற்றிய படம் அது. ஆக, தன் உடம்பைத் தொழில்நுட்பத்திடம் ஒப்படைப்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி.

ஊரிலுள்ள கைப்பேசிகள் பறந்துபோகின்றன. சிட்டியை மறுபடி கோர்த்து எழுப்புகிறார் வசீகரன். எழுந்ததும் சண்டைக்குப் போகிறான். சண்டை பிரமாதம். கைப்பேசிகள் சேர்ந்து உருவாகும் ராட்சதப் பறவை இந்தியத் திரையில் அதுவரை காணாத காட்சி. ஆனால் சிட்டிக்கு இந்தப் படத்தில் என்ன வேண்டும்? முதல் படத்தில் அவனுக்குச் சனா வேண்டியிருந்தது. இங்கே சனா தொலைபேசியில் கேட்கும் குரல் மட்டுமே. உடன் வரும் நிலா இன்னொரு ரோபோ, வந்தபோதே அவன் பக்கம்.

ஏக்கம் முழுவதும் எதிராளியிடம் போய்விட்டது. பட்சிராஜனாக வரும் அக்‌ஷய் குமார், பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டும் முதியவர். செல்போன் கோபுரத்தில் தூக்கில் தொங்கிய மனிதர். படத்தில் மாறுகிறவர் அவர்தான். 'எந்திர'னில் ஒரே உடம்புக்குள் மூன்று மனம். '2.0'வில் சிட்டி, சிவப்பு சிப் சிட்டி, குட்டி என்ற சின்ன ரோபோ என மூன்று உடம்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரே மனம். இரண்டு படங்களிலும் ரஜினியின் நடிப்புக்கு உள்ள வித்தியாசத்தை ஆசிரியர் இப்படித்தான் பலகையில் எழுதிப்போட்டார்.

நவம்பர் 22

மழை ஓய்ந்தது. வகுப்பு தாவரவியல் பூங்காவுக்கு நடந்தது. ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' (2012) படத்துக்காக மிருகக்காட்சிசாலை வேடம் போட்ட பூங்கா இது. அந்தப் படத்தில் சூரஜ் சர்மா படகில் இல்லாத புலியைப் பார்த்துப் பயந்தார், கெஞ்சினார், கடைசியில் அது திரும்பிப் பாராமல் போனதற்காக அழுதார். புலியைப் பிற்பாடு கணினி வரைந்தது. எதிரே ஆளே இல்லாவிட்டாலும் உறவு இருந்தால் நடிப்பு வரும் என்பதற்கு நல்ல சாட்சி.

'2.0'விலும் அப்படி ஓர் இடம் உண்டு. பட்சிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்துவிடுகிறார். அடித்தால் அடி படைத்தவனுக்கு விழும். சிட்டியால் கை ஓங்க முடியவில்லை, சிதைக்கப்படுகிறான். வசீகரனின் முகத்தில் அந்நியர் ஒருவரின் வெறியையும், எதிரே சிட்டியின் முகத்தில் தயக்கத்தையும் ரஜினியே சுமக்கிறார். முதல் படத்தின் ஆட்டுக் காட்சிக்கு இணையாக வளர்ந்திருக்க வேண்டிய இடம். சட்டென்று கடந்துபோய்விடுகிறது. அடுத்த வெடிப்புக்குப் படம் அவசரப்படுகிறது. அந்தக் குறை நடிகருடையதல்ல.

நவம்பர் 24

சிவப்பு சிப் சிட்டி திரும்ப வந்ததும் கூடத்தில் விசில். வாய்க்கோணல், திமிர், நக்கல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எட்டு ஆண்டில் துரு ஏறவில்லை. ஆனால் முதல் படத்தில் அவன் அடுத்து என்ன செய்வானோ என்ற பயம் இருந்தது. இப்போது அவன் நம் ஆள், பயமில்லை. பின்னால் வரும் குட்டி 3.0 புறாக்களின் மேல் ஏறிவந்து பட்சிராஜனை மிரட்டுகிறது. பறவைகளை நேசிப்பவரைப் பறவைகளை வைத்தே மடக்கும் தந்திரம்.

நவம்பர் 29

கடைசி வகுப்பு. டிசம்பர் பயிற்சிக்கு ஆளுக்கொரு காட்சி தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் நீதிமன்றக் காட்சியைக் கேட்டார்கள். எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் மாணவி குட்டியைக் கேட்டார்.

"அதுல என்னம்மா இருக்கு? முழுசும் கம்ப்யூட்டர் வேலையாச்சே."

"இல்ல சார். பெரிய சிட்டிக்கு ஜெயிக்கணும். குட்டிக்கு விளையாடணும். அந்த மூணு பேர்ல அவன் ஒருத்தன்தான் சந்தோஷமா இருக்கான். ரஜினி சாரும் அங்கதான் ஜாலியா நடிச்ச மாதிரி தெரியுது."

ஆசிரியர் அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டார். பலகையில் எழுதியதில் ஒரு திருத்தம் போட்டார்: குட்டிக்கும் ஓர் ஆசை உண்டு. நீதிமன்றக் காட்சியை மூவருக்குப் பிரித்துக் கொடுத்தார். குட்டி அந்த மாணவிக்குப் போனது. சவாரிக்குப் புறா இருக்காது, கேமரா இருக்காது, நின்ற இடத்திலேயே உடம்பைச் சின்னதாக்கிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.