வெளிச்சம் தின்னும் சிப்பி



சிங்கப்பூரில் இருக்கும் என் பழைய மாணவன் தன் வீட்டுக் கடல்மீன் தொட்டியின் வீடியோ அனுப்பியிருந்தான். நீலமும் பச்சையுமாக உதடு விரித்த ராட்சதச் சிப்பி! பண்ணையில் வளர்த்தது, முறையான அனுமதியோடு வாங்கியதாம். "என்னப்பா தீனி போடுறே?" என்றேன். "வெளிச்சம்தான் சார்!"

உண்மைதான். அதன் சதைமடிப்பில் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. நம் தேயிலைச் செடி செய்யும் அதே ஒளிச்சேர்க்கைதான். தயாரித்த சர்க்கரையில் பெரும்பங்கு சிப்பிக்கு வாடகை. தண்ணீரை வடிகட்டியும் கொஞ்சம் தின்னும். ஓடு வளர, தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறையக் கூடாது. 25, 26 டிகிரி சூடும் வேண்டும்.

குன்னூர்ப் பேரன் பார்த்துவிட்டான். "தாத்தா, நமக்கும் ஒண்ணு!"

குளிருக்கு ஹீட்டர் வைக்கலாம். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனால்? அதைவிடப் பெரிய விஷயம், லட்சத்தீவிலும் அந்தமானிலும் வாழும் இந்தச் சிப்பிகளும் பவளங்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. ஆன்லைனில் யாராவது விற்றாலும் வாங்கிவிடாதீர்கள்.

பையன் முகம் வாடிவிட்டது. வேலம்பாசி கொண்டுவந்து, பீக்கரில் போட்டு, புனல் கவிழ்த்து வைத்தேன். ஒன்பதாம் வகுப்புக்காரர்களே, ஞாபகம் வருகிறதா? வெயில் பட்டதும் குமிழி வருகிறது. மணிக்கொரு தரம் எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறான்.